வலது இறக்கைக் கதவு

“விரலை வச்சுப் பாரு. கண்ணுக்குத்தான் தெரியல, விரலுக்காவது தெரியுதான்னு பாப்போம்.”

கணவர் சொன்னபடியே அவள் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தாள். தெரியத்தான் செய்தது. வலது இறக்கையின் கோடியில், மேலும் கீழும் அசைகிற பலகையின் மூலையும் அசையாத முனையும் ஒரே கோட்டில் வந்து நிற்க வேண்டும். நிற்கவில்லை. பலகை ஒரு சுண்டுவிரல் கனத்துக்குக் கீழே இறங்கி நின்றது. காலையிலிருந்து அவரும் அவர் தம்பியும் அவளுமாக இடுப்பொடியத் தூக்கி, முதல்முறையாக இரண்டு இறக்கைகளையும் விமானத்தில் மாட்டியிருந்தார்கள். அந்தச் சந்தோஷம் ஒரு காபி குடித்து முடிக்கிற நேரம்கூடத் தாங்கவில்லை.

“எடது கை அண்ணன் கை, வலது கை அண்ணி கை. ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தா, பிளேன் ஒரு வட்டம் அடிச்சிட்டுத் திரும்ப இங்கேயே வந்துடும்” என்றான் கொழுந்தன்.

“சிரிக்காதடா. பறக்கவிடலாமான்னு பாக்கப் பரிசோதகர் வரப்போற நேரத்துல எப்படிக் கோணலாப் பண்ணி வச்சிருக்கா பாரு.”

பண்ணி வச்சிருக்கா. நேற்றுவரை ‘பண்றோம்’ என்றுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சுண்டுவிரல் கனம் போதுமாயிருந்தது, பன்மை ஒருமையாவதற்கு.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வாழ்நாள் முழுக்க மற்றவர்களை மேலே ஏற்றி இறக்கியது போதும், இனி நானே ஏறுகிறேன் என்று ஒருநாள் சிறிய விமானம் கட்டுவதற்கான பாகங்களைப் பெட்டி பெட்டியாக வரவழைத்துவிட்டார். தெருவில் அவருக்குப் ‘பைலட்டு’ என்று பெயர் விழுந்தது. இருக்கிற வீட்டின் குழாயைச் சரிபண்ண மாட்டார், ஆகாயத்துக்குப் போக ஏணி கட்டுகிறார் என்று அவளும் ஆரம்பத்தில் கேலி பேசியவள்தான். அப்புறம் ஒரு விடுமுறை நாளில், சும்மா நிற்கிறோமே என்று, அவர் தகடுகளை இணைக்க ரிவெட் அடிக்கும்போது பின்னால் இரும்புக்கட்டையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கை விடவில்லை. விமானம் கட்டுகிற கிடங்கே கதி என்றாயிற்று. இடது இறக்கையை அவர் முடித்ததும், வலது இறக்கையைத் தானே செய்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். அதன் அசைகிற பலகைக்குப் புத்தகத்தில் வேறு பெயர் இருந்தாலும் அவர் வாய்க்குக் கதவு என்றுதான் வந்தது. லிஃப்ட்காரருக்கு அசைகிறதெல்லாம் கதவுதானே.

அவளுடைய பிழைப்பு பல் செட் செய்கிற கூடத்தில். ஒரு மயிரிழை உயரமாக இருந்தாலும் போட்டுக்கொண்டவர் சாப்பிட முடியாமல் மறுநாளே வந்து நிற்பார். அப்படி எதுவும் திரும்பி வராமல் பார்த்துக்கொண்டே அவளுக்குத் தலை நரைத்திருந்தது. அந்தக் கதவையும் அப்படித்தான், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்தாள்.

அன்று மாலையே அதைக் கழற்றி, கிடங்கிலிருந்த தடித்த கண்ணாடி மேசையில் படுக்கவைத்தாள். நாலு மூலையையும் மாற்றி மாற்றி அழுத்தினாள். அசையவில்லை. ஓரத்தில் குனிந்து பார்த்தாள். அடியில் வெளிச்சம் ஒரு பொட்டுகூட நுழையவில்லை.

“இது நேராத்தாங்க இருக்கு.”

“மேசை மேல இருந்து என்ன, இறக்கையில இல்லையே. என்னோடதைப் போய்ப் பாரு. அச்சுல வார்த்த மாதிரி நிக்குது.”

உண்மைதான், இடது பக்கம் அப்படித்தான் நின்றது. கதவும் முனையும் ஒரே கோடு. போதாததற்கு, ஆசைக்கு என்று முந்தியே நீல வண்ணம் அடித்து முடித்திருந்தார். பார்க்கிறவர்களுக்கு எது சரி, எது கோணல் என்று கேட்கவே தோன்றாது.

அந்த வாரம் முழுக்க அவர் வலது கதவோடு மல்லுக்கு நின்றார். கீல்களுக்கு அடியில் வாஷர் சொருகினார். மூலை கொஞ்சம் ஏறியது. ஆனால் நடுக்கீல் பிடித்துக்கொண்டு, கதவை அசைத்தால் கிறீச்சென்றது. பல் கூடத்தில் கடி பார்ப்பதற்கு வைத்திருக்கும் நீலத்தாளில் ஒரு துண்டு கொண்டுவந்து இடுக்கில் வைத்து, எங்கே உரசுகிறது என்று அவள்தான் கண்டுபிடித்துக் கொடுத்தாள். அந்த இடத்தை அரம் போட்டுத் தேய்க்கப் போனவரைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். “நீ ஒழுங்கா செஞ்சிருந்தா எனக்கு இந்த வேலையே இல்ல” என்றார். போனில் நண்பர்களிடமும் அதையே சொன்னார், அவள் பக்கத்தில் நிற்கும்போதே, வாய் கூசாமல். இரவு படுக்கையில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தன் கண்தான் பழுதாகிவிட்டதோ என்று பயந்தாள். அந்தக் கண்ணை நம்பித்தானே இத்தனை பேர் வாயில் பல் வைத்திருக்கிறார்கள்?

மறுநாள் ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பாதி மாடியில் நின்றுவிட்டது என்று அவரை அழைத்தார்கள். அவர் வண்டி தெருமுனையைத் தாண்டியதும் அவள் இடது இறக்கைக்குப் போனாள். வண்ணம் உரியாமல், ஒவ்வொரு திருகாகக் கழற்றி, நீலக்கதவைத் தனியாளாக இறக்கிக் கண்ணாடி மேசையில் வைத்தாள். ஒரு மூலையில் விரலை வைத்தாள். கால் குட்டையான நாற்காலி மாதிரி எதிர் மூலை எழும்பியது. விரலை எடுத்தாள். டொக்கென்று இறங்கியது.

பிறகு எல்லாம் தானாகவே விளங்கிற்று. இடது முனையை மாட்டிய அன்று, அது கதவோடு சேரவில்லை என்று அதன் பின்விளிம்பை ரம்பத்தால் கீறி, மேலே தூக்கிப் பிசின் வைத்து ஒட்டியது அவர்தான். கதவுதான் முறுக்கியிருக்கிறது என்று அவருக்குத் தோன்றவில்லை. தன் கைவேலையைச் சந்தேகப்படுகிற பழக்கம் அவருக்கு என்றைக்கு இருந்தது? அப்புறம் அந்த முனையை அட்டையில் வரைந்து, அட்டையைத் திருப்பிப் போட்டு, வலது முனையையும் அதே மாதிரி கீறி ஒட்டினார். கோணலுக்குக் கோணல், கச்சிதமான நகல். அந்தக் கோணலுக்குப் பக்கத்தில் அவளுடைய நேரான கதவு போய் நின்றால் குற்றவாளியாகத்தானே தெரியும்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது. சந்தோஷம்தான் அதிகம் என்று சொல்ல வேண்டும். அவர் வந்ததும் காட்டலாம், அவர் தலையில் அடித்துக்கொள்வார், ஐயோ உன்னைப் போய்த் திட்டினேனே என்பார் என்று பைத்தியக்காரத்தனமாக நினைத்துக்கொண்டாள்.

அவர் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தார். மேசையில் நீலக்கதவைப் பார்த்ததும் முகம் மாறியது.

“யாரைக் கேட்டு இதைக் கழட்டின?”

“மூலையில விரலை வச்சுப் பாருங்க.”

வைத்தார். டொக். எடுத்தார். மறுபடி வைத்தார். டொக். அவள் தன் கதவை அதன் அருகில் வைத்து அழுத்திக் காட்டினாள். அட்டை விஷயத்தையும் சொன்னாள். கொழுந்தன் குனிந்து வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். கேலிக்குப் பஞ்சமில்லாத அந்த வாய் அன்றைக்குப் பார்த்து மூடிக்கொண்டது.

அவர் துணியை எடுத்து நீலக்கதவில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

“சரி. இதைப் பிரிச்சா பெயின்ட் போச்சு. ரெண்டு முனையும் போச்சு. பரிசோதகர் இந்தத் தடவை வந்துட்டுப் போனார்னா அப்புறம் எப்ப வருவாரோ. ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தாப் போதும், பறக்கும். உன்னோடதை இதே மாதிரி கொஞ்சம் முறுக்கிடு.”

“நேரா இருக்கறதையா?”

“அரை நாள் வேலைதானே. உனக்கென்ன, பூ மாதிரி பண்ணிடுவ.”

“பண்றேன். தப்பு என் பக்கம் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க தம்பி இருக்கார்ல, அவர் காதுல விழற மாதிரி சொல்லுங்க.”

“இப்ப அதுவா முக்கியம்? யார் தப்புன்னு பஞ்சாயத்து பேசிட்டிருந்தா பிளேன் பறந்துடுமா?”

“அண்ணி, விடுங்க அண்ணி” என்றான் கொழுந்தன், தரையைப் பார்த்துக்கொண்டு.

விட்டாள். இந்த வீட்டில் விட்டுக்கொடுப்பதெல்லாம் அவளிடமிருந்துதான் தொடங்கும், அவளோடுதான் முடியும். பின்விளிம்பில் தான் அடித்த ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்தாள். ஒரு மூலைக்கு அடியில் மரத்துண்டைக் கொடுத்து, மற்ற மூலைகளின் மேல் எடையை ஏற்றி, அது சம்மதிக்கிறவரை காத்திருந்தாள். தகடு லேசில் சம்மதிக்கவில்லை. மேல் வரிசைப் பல் கோணிப்போனால் கீழ் வரிசையைத் தேய்த்துச் சரிக்கட்டச் சொல்கிற வைத்தியர் ஒருவர் உண்டு. அவர் அனுப்பும் அச்சுகளைத் தொடமாட்டேன் என்று கூடத்தில் சண்டை போட்டிருக்கிறாள். இங்கே யாரோடு சண்டை போடுவது? ரிவெட்டுகளை மறுபடி அடித்தாள். கோபத்தில் அடித்தது என்று யாரும் சொல்ல முடியாது. அவ்வளவு சீரான வரிசையை அவள் அதற்கு முன்னால் அடித்ததில்லை. மாட்டிப் பார்த்தபோது கதவும் முனையும் ஒரே கோட்டில் நின்றன. கணவர் அவள் தோளில் தட்டினார். அந்தத் தோளை அறுத்துப் போட்டுவிடலாம் போலிருந்தது.

பரிசோதகர் அடக்கமான மனிதர். டார்ச்சை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கீலாகப் பார்த்தார். இரண்டு கதவுகளிலும் கோணம் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தார். இரு பக்கமும் ஒரே அளவு. அனுமதித்த வரம்புக்குள்தான் என்று தலையாட்டினார். வலது பக்கம் வந்ததும் கொஞ்சம் நின்றார்.

“இந்த ரிவெட் வேலை வேற கை மாதிரி இருக்கே?”

“என் வொய்ஃப் பண்ணினது சார்” என்றார் கணவர், பெருமை பொங்க. “ஆசைப்பட்டா, குடுத்தேன். கொஞ்சம் கோணிடுச்சு. அப்புறம் நான்தான் உக்காந்து சரிபண்ணினேன்.”

பரிசோதகர் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். பரீட்சையில் தவறிய பிள்ளையைத் தேற்றுகிற புன்னகை. “முதல் தடவைல எல்லாருக்கும் வரும்மா” என்றார். கொழுந்தன் விமானத்தின் அந்தப் பக்கம் எதையோ தேடுகிறவன்போல் போய்விட்டான். அவள் வாயைத் திறந்தாலும், மேசையில் வைத்துக் காட்ட இனிமேல் நேரான கதவு எங்கே இருக்கிறது?

கடைசியாக ஒரு சோதனை மிச்சமிருந்தது. கணவர் உள்ளே ஏறி உட்கார்ந்து, இரண்டு கதவுகளையும் சேர்த்து அசைக்கிற ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டார். வெளியே ஒருவர் வலது கதவை அசையாமல் பிடிக்க வேண்டும், உள்ளே இருப்பவர் அழுத்த வேண்டும். இடையில் எங்காவது ஆட்டம் இருந்தால் தெரிந்துவிடும்.

“நீங்களே பிடிங்கம்மா. ரெண்டு கையாலயும் கெட்டியா” என்றார் பரிசோதகர்.

பிடித்தாள். தகட்டின் வழியாகக் கணவருடைய அழுத்தம் வந்து சேர்ந்தது, முதலில் லேசாக, பிறகு பலமாக. எங்கும் ஆட்டமில்லை. அவர் தள்ளுவது அப்படியே அவள் உள்ளங்கைக்கு வந்தது.

“நல்லா இருக்கு. போதும், விட்டுடலாம்” என்றார் பரிசோதகர்.

கணவர் ஸ்டிக்கைச் சாய்க்கப் பார்த்தார். அது சாயவில்லை. திரும்பிப் பார்த்தார்.

“ஏய், சொன்னாருல்ல. விடு.”

அவள் கட்டைவிரல்கள் தகட்டின் மேல் வெளுத்துப்போயிருந்தன. விமானத்தின் கண்ணாடிக்குப் பின்னால் அவர் இரண்டு கையாலும் ஸ்டிக்கைப் பிடித்துத் தள்ளினார். பரிசோதகர் டார்ச்சை அணைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். மறு இறக்கையின் கோடியில், யாரும் தொடாத நீலக்கதவு, போக வழியில்லாமல் நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தது.