உயிரோடு இருக்கிற ஏதாவது ஒன்று

அம்சா மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாம் என் அவசரப் புத்தியால் வந்த வினை.

ஐம்பத்தேழாம் வருஷம் அது. திண்டிவனத்துக்கு மேற்கே மூன்று மைல் தள்ளி ஒரு ஜில்லா போர்டு பள்ளிக்கூடம். ஒரே கூடம், ஐந்து வகுப்பு, ஒரே வாத்தியார். அந்த வாத்தியார் தேவநாதன் என்கிற நான். கூடத்துக்குப் பின்னால் இருந்த அறையிலேயே சமைத்து, தின்று, படுத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளி திறந்ததும் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் பள்ளி எல்லைக்குள் உயிருள்ள ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மரமோ, பூச்சியோ, பறவையோ, எதுவானாலும் சரி. வருஷம் முழுக்க அதைக் கவனித்துத் திங்கட்கிழமைதோறும் நோட்டில் எழுத வேண்டும். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும், கதை அளக்கக் கூடாது. உத்தரவு போடுகிறவர்களுக்கு என்ன, வெயிலில் நின்று கத்துகிறவன் நானல்லவா என்று முணுமுணுத்துக்கொண்டேதான் ஆரம்பித்தேன்.

பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். வேப்பமரத்துக்கு இரண்டு பேர் மண்டையை உடைத்துக்கொள்ளாத குறை. கண்ணையன் அடிதடி போட்டு எறும்புப் புற்றைத் தனதாக்கிக்கொண்டான். காக்கைக் கூடு, ஓணான், வன மகோற்சவத்துக்கு நட்ட புங்கங்கன்று, சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த பல்லி வரைக்கும் ஆள் வந்துவிட்டது.

அம்சா ஒரு வாரம் கழித்து வந்தாள். மாமன் ஊரில் மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, களையெடுக்கப் போயிருந்தாளாம். பத்து வயசு. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பாள்.

"சார், எல்லாத்தியும் எல்லாரும் புடிச்சிக்கினாங்க. எனக்கு ஒன்னுமே இல்ல சார்" என்றாள்.

அப்போதுதான் அடுப்பில் சோறு பொங்கி வழிகிற வாசனை வந்தது. "உயிரோட இருக்கிற ஏதாவது ஒன்னப் பிடிச்சிக்க, ஜல்தி! என் பிராணனை வாங்காதே!" என்று கத்திவிட்டு உள்ளே ஓடினேன்.

பிறகு எதைப் பிடித்துக்கொண்டாள் என்று அவளை நான் கேட்கவேயில்லை. பதினான்கு நோட்டுதான். ஆனாலும் படிக்க அலுப்பு. திங்கட்கிழமை சாயங்காலம் கடைசிப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு கிறுக்கல், அவ்வளவுதான். சோம்பேறி என்று நீங்கள் திட்டலாம். திட்டுங்கள்.

என் புத்தியெல்லாம் விழுப்புரத்தில் இருந்தது. என் மனைவி பூங்காவனம் அங்கே, ரயில்வேயில் வேலை பார்க்கும் அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். என்னோடு எட்டு மாசம் இந்த ஊரில் குடித்தனம் செய்தாள். பேசக்கூட ஆளில்லை என்று அழுதாள். ஒருநாள் பெட்டியை எடுத்துக்கொண்டு, "இந்தப் புழுதியில என்னால முடியாதுங்க. விழுப்புரத்துக்கு மாத்தல் வாங்கிக்கினு வாங்க, அங்க குடும்பம் நடத்தலாம்" என்று சொல்லிப் போய்விட்டாள். அது ஐம்பத்துமூன்றில். அன்றிலிருந்து மாற்றல், மாற்றல் என்று ஜபம் செய்துகொண்டிருந்தேன். இன்ஸ்பெக்டர் நல்லபடியாக ஒரு ரிப்போர்ட் எழுதினால் போதும், போன பெண்டாட்டி திரும்பி வந்துவிடுவாள். அப்படித்தான் நம்பினேன்.

பொங்கல் கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை டெபுடி இன்ஸ்பெக்டர் ஷபியுல்லா வந்தார். நல்ல மனுஷர். புங்கங்கன்றைத் தொட்டுப் பார்த்தார், எறும்புப் புற்றின் முன் குந்தி உட்கார்ந்து கண்ணையனிடம் சந்தேகம் கேட்டார். என் நெஞ்சு குளிர்ந்தது. நோட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அம்சாவின் நோட்டை எடுத்ததும், "நான் பார்ப்பது: வாத்தியார்" என்று உரக்கப் படித்துவிட்டுச் சிரித்தார். பிள்ளைகளும் சிரித்தார்கள். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். பிறகு உரக்கப் படிக்கவில்லை. கடைசிவரை மௌனமாகப் படித்துவிட்டு என் கையில் கொடுத்தார்.

*வாத்தியார் தனியா சாப்பிட்டாரு. மோருஞ்சோறு.*

*வாத்தியார் தபால்காரர கேட்டாரு. லெட்டர் இல்ல.*

*கண்ணையன அடிச்சாரு. அப்பறம் அவனுக்கு மல்லாட்ட குடுத்தாரு.*

*தபால்காரர கேட்டாரு. லெட்டர் இல்ல.*

*மழ. எல்லாரும் வூட்டுக்குப் பூட்டோம். வாத்தியார் படியில உக்காந்துக்கினு இருந்தாரு.*

*லெட்டர் இல்ல. ஒன்னும் சாப்பிடல.*

ஏழு மாசம், பக்கம் பக்கமாக. எனக்குக் காது மடல் எரிந்தது. பூங்காவனம் எப்போதாவது எழுதுவாள் என்றுதான் யார் கேட்டாலும் சொல்லிவந்தேன், எனக்கு நானே உட்பட. நோட்டில் ஒரு கடுதாசிகூட இல்லை.

ஷபியுல்லா என்னை வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார். "விழுப்புரம் பக்கத்துல ஓர் இடம் காலி. மனு எழுதித் திங்கட்கிழமை தபால்ல போடுங்க. நான் சிபாரிசு பண்றேன்" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாளே பாசஞ்சர் ஏறினேன். விழுப்புரம் ஸ்டேஷனிலிருந்து அவள் அண்ணன் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். பூங்காவனம் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் ஊரார் ரவிக்கைத் துணிகள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். அது அவளுக்கு நன்றாக இருந்தது.

"மாத்தல் கிடைச்சிடும் பூங்காவனம்! இந்தப் பக்கமே வர்றேன்" என்றேன்.

மிஷினை நிறுத்தினாள். "எதுக்குங்க?"

"நீதானே கேட்டே?"

"கேட்டேன்" என்றாள். கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. "நாலு வருசம் ஆச்சுங்க. அப்ப நான் அழுதுக்கினு இருந்தேன். இப்ப அழறதில்ல."

காபி கொடுத்தாள். சர்க்கரை எனக்குப் பிடித்த அளவில் இருந்தது. நான் குடித்து முடித்ததும் டம்ளரை வாங்கிக்கொண்டு, "திரும்பிப் போக ரயில் எத்தினி மணிக்கு?" என்று கேட்டாள். பாவி, அதை எவ்வளவு மரியாதையாகக் கேட்டாள்!

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் நடத்தினேன். வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன். யாரையும் அடிக்கவில்லை. பதினொரு மணிக்குத் தபால்காரர் சைக்கிளில் வந்தார். என்னைப் பார்த்து, தானாகவே இல்லையென்று தலையாட்டிவிட்டு, இரண்டு நொடி நின்றார். நான் நாற்காலியைவிட்டு எழவில்லை. எழுதி வைத்திருந்த மனு சட்டைப் பையிலேயே இருந்தது. அவர் போய்விட்டார்.

சாயங்காலம் பிள்ளைகள் அவரவர் மரத்துக்கும் புற்றுக்கும் ஓடினார்கள். அம்சா மட்டும் நோட்டோடு என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். இத்தனை நாளும் அங்கேதான் நின்றிருப்பாள் போலிருக்கிறது.

"சார், இன்னிக்கு நீங்க லெட்டர் கேக்கலியே" என்றாள். "இன்னா எழுதறது?"

பிள்ளைக்கு முன்னால் அழுதால் அதையும் எழுதிவிடுவாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"இங்கதான் இருக்காருன்னு எழுது."

குனிந்து எழுதினாள். நிமிர்ந்து, "அவ்ளோதானா சார்?" என்றாள்.

"அவ்வளவுதான்" என்றேன்.