பத்து நொடி இரைச்சல்

அபிராமபுரத்தில் இக்னேஷியஸ் வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் சத்தம் வராது. ஆவி எத்தனை தரம் கிளம்புகிறது என்று பார்த்து அடுப்பை அணைக்க வேண்டும். மின்விசிறி ஓசையில்லாமல் சுற்றும். சன்ஷேடில் உட்காரும் காக்கா வாயைத் திறந்து திறந்து மூடும். ஆறு வருடமாக இப்படித்தான். இதெல்லாம் போனால் போகட்டும் என்று விடலாம். அவருடைய அக்கா ஃப்ளோரன்ஸின் குரலும் கூடவே போனதுதான் விஷயம்.

அவர்கள் குடும்பத்தில் ஒரு பிடில் மெட்டு உண்டு. கோயிலில் தாலி கட்டிக்கொண்டு வரும் பெண் காரை விட்டு இறங்கும்போது தொடங்கி, வாசற்படி தாண்டும்போது முடிய வேண்டும். அப்பா எரிக் முன்பாதியைத்தான் மகனுக்குச் சொல்லிக்கொடுத்தார். அதற்குள் மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். பின்பாதி ஃப்ளோரன்ஸ் அக்காவின் காதில் இருந்தது. ஆகவே நாற்பது வருடம், எந்தக் கல்யாண வீடானாலும் அக்கா பக்கத்தில் நின்று ஒரு ஸ்வரம் முன்னால் முணுமுணுப்பார், தம்பி வில்லை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போவார். அக்கா பாடிக்கொடுத்தால்தான் தம்பிக்குக் கை வரும் என்று மாதாகோயில் பங்கு ஜனங்கள் சிரிப்பார்கள். இக்னேஷியஸும் கூடவே சிரித்துவைப்பார். உள்ளுக்குள் பற்றி எரியும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், அந்த மெட்டை வீட்டிலேயே ரெக்கார்டு செய்வது என்று முடிவெடுத்தார். கிடார் வாசிக்கும் சிநேகிதர் ஃபிரெட்ரிக், ராயப்பேட்டையிலிருந்து லேப்டாப்பும் மைக்குமாக வந்தார். தெருச் சத்தம் வராமலிருக்க ஜன்னலில் மெத்தையைச் சாய்த்தார்கள். வாசிப்பதற்கு முன் பத்து நொடி வெறும் அறையைப் பதிய வேண்டும். அந்தப் பத்து நொடியில் கேட்பதெல்லாம் இரைச்சல் என்று லேப்டாப் எடுத்துக்கொண்டு, பிறகு மொத்தத்திலிருந்தும் துடைத்துவிடும். பதிந்தபோது விசிறி ஓடிற்று, குக்கர் கத்திற்று, காக்கா கரைந்தது. சமையலறையில் அவரைக்காய்க்கு நார் உரித்தபடி அக்கா முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"மச்சி, அக்கா பாடிக்கினு கீது. நிறுத்தச் சொல்லட்டா?" என்றார் ஃபிரெட்ரிக்.

"வேணாம், பாடட்டும். அது இல்லாம எனக்குப் பின்பாதி வராது. அப்புறமா சத்தத்தோட சத்தமா அதையும் எடுத்துடு" என்றார் இக்னேஷியஸ்.

மெட்டு பிசிறில்லாமல் வந்தது. ஃபிரெட்ரிக் பட்டனை அமுக்கினார். பிடிலும் கிடாரும் மட்டும் மிஞ்சின. அக்கா காபி டம்ளர்களோடு வந்து ஏதோ சொன்னார். உதடு அசைந்தது, அவ்வளவுதான்.

தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்று மூன்று டாக்டர்கள் சொன்னார்கள். கொட்டிவாக்கம் கடற்கரைக்கு அழைத்துப்போய்க் கத்தச் சொன்னார் இக்னேஷியஸ். அலை கேட்டது, அக்கா குரல் கேட்கவில்லை. துடைத்ததைத் திரும்ப எடுக்க ஃபிரெட்ரிக் ஒரு மழைக்காலம் முழுக்க லேப்டாப்போடு மல்லுக்கட்டிவிட்டுக் கையை விரித்தார். மெட்டு மட்டும் இப்போது பங்கில் எல்லாக் கல்யாணத்திலும் ஃபோனிலிருந்து ஓடுகிறது. என்ன சுத்தம், என்ன சுத்தம் என்கிறார்கள். அதைக் கேட்டால் இக்னேஷியஸ் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறார். மாடிவீட்டு ஹம்சா பரீட்சைக்குப் படிக்க இங்கேதான் வருகிறாள். இவ்வளவு அமைதியான வீடு மயிலாப்பூர் வரைக்கும் கிடையாதாம்.

அன்றைக்கு ஃபிரெட்ரிக்கிடம் என்ன சொன்னோம் என்பதை மூன்றாம் வருடம் அக்காவிடம் ஒப்புக்கொண்டார். அக்கா பழைய காலண்டர் தாளைத் திருப்பி எழுதிக் கொடுத்தார்: "அன்னிக்கே சமையல்ரூம்ல கேட்டுச்சு. உனக்குப் பின்பாதி வராதேன்னுதான் பாடினேன்."

அதன்பிறகு ஒரு வாரம் அவர் பிடிலைத் தொடவில்லை. எட்டாம் நாள் அக்காவே பெட்டியைத் திறந்து எடுத்து நீட்டினார். இப்போதெல்லாம் சாயங்காலம் நான்கு மணிக்கு இருவரும் எதிரெதிரே உட்காருகிறார்கள். முன்பாதியை இக்னேஷியஸ் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறார். பிறகு கண்ணைத் திறந்து அக்காவின் கழுத்தைப் பார்க்கிறார். அங்கே ஒரு நரம்பு ஏறி ஏறி இறங்குகிறது, அதைப் பார்த்துப் பார்த்து வாசிக்கிறார். ஒரு ஸ்வரம் முன்னால் அக்கா போகிறார், பின்னாலேயே இவர் போகிறார்.