இருபத்தாறா, இருபத்தெட்டா

பின் டயர் விஷயத்தில் எனக்கும் ஹமீதா பானுவுக்கும் ஒரு மாதமாக ஓயாத சண்டை. இருபத்தாறு இஞ்ச் உயரம் போதும் என்பது என் கட்சி. இருபத்தெட்டுக்கு ஒரு நூல் குறைந்தாலும் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். கார் அவளுடையது, அவள் வாப்பா ஓட்டிய பழைய காண்டசா. ஓட்டுவது நான். நானூறு மீட்டர் நேர் ரோட்டில் யார் முதலில் போய்ச் சேருகிறார்கள் என்பதுதான் பந்தயம். இரண்டு பேரும் ஒரே பாலிடெக்னிக்கில் படித்தவர்கள். நான் பேப்பரில் கணக்குப் போடுவேன், அவள் வாயாலேயே போட்டுவிடுவாள்.

பின் டயர் உயரமாக இருந்தால் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும், ஆனால் கிளம்பும்போது எஞ்சின் முக்கும். குட்டையாக இருந்தால் விசுக்கென்று கிளம்பும், ஆனால் கோட்டைத் தொடுவதற்குள் எஞ்சின் தன் உச்சத்துக்குப் போய் அதற்குமேல் முடியாது என்று நின்றுவிடும். எங்கள் எஞ்சினுக்கும் கியருக்கும் இருபத்தாறுதான் சரி. பெரிய டயர்தான் கெத்து என்றாள் பானு. கெத்தை வைத்து என்ன, ஊறுகாயா போட முடியும்? கடைசியில் இரண்டு ஜோடியும் வாங்கித் தனித்தனி ரிம்மில் மாட்டினோம். ஞாயிற்றுக்கிழமை சென்னைப் பக்கம் பந்தயம். அதற்கு முன்னால் ஒருநாள் ஓட்டிப் பார்த்து, எது சரியோ அதை மாட்டிக்கொண்டு போவது என்று முடிவு.

கார் நின்றது எங்கள் வீட்டு டிராக்டர் கொட்டகையில். என் அப்பா காத்தான் கீழ்வேளூர் சுற்றுவட்டாரத்தில் வாடகைக்கு உழவு ஓட்டுகிறவர். போன வாரம் பழைய டயரோடு நான் காரைக் கிளப்பியபோது பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிக் கொட்டகை முழுக்கப் புகை. அப்பா ஓடிவந்தார். சக்கரம் மண்ணையே பிடிக்க மாட்டேன் என்கிறதே, இதில் நீ எப்படிப் போவாய் என்று கேட்டார். ரப்பர் சூடாவதற்காக நாங்களே வேண்டுமென்று சுற்றவிடுகிறோம், உங்களுக்கு இதெல்லாம் புரியாது, போய் டீ குடிங்க என்று எரிந்து விழுந்தேன். போன வருசம் டிராக்டர் சக்கரம் வழுக்கி வாய்க்காலில் கவிழ்ந்தபோது, அடியில் சிக்கிய ஆளை வெளியே இழுத்துப் போட்டவர் அவர். அந்த ஆள் பிழைக்கவில்லை. எனக்கு அது அப்போது ஞாபகம் வரவில்லை.

ஓட்டிப் பார்க்க இடம் கொடுத்தது பானுவின் மாமா. அதிராம்பட்டினம் பக்கம் அவருக்கு இறால் பண்ணை இருக்கிறது. பண்ணைக்குள் குச்சி மாதிரி நேரான தார் ரோடு, இரண்டு பக்கமும் குளம். காரை லாரியில் ஏற்றியது அப்பாதான். உபரி ஜோடியையும் அவரே ஏற்றினார். எங்களைத் தொடவே விடவில்லை. கூடவே வந்தார். மகள் மேல் திடீர்ப் பாசம் என்று பானு கிண்டல் செய்தாள்.

முதலில் என் இருபத்தாறு. காற்றை அளந்து பார்த்தேன், டயரில் சாக்பீஸால் நான் எழுதி வைத்திருந்த அளவே இருந்தது. பானு கையை இறக்கினாள். மிதித்தேன். கார் எருமை எழுந்திருப்பது போல எழுந்தது. புகையே இல்லை. பாதி தூரத்தில் பின்பக்கம் அலைய ஆரம்பித்தது. ஸ்டியரிங் ஒரு பக்கம், கார் ஒரு பக்கம். இடது பக்கக் குளம் கண்ணாடி முழுக்க வந்து நின்றது. பிரேக்கை மிதித்து எப்படியோ நிறுத்தினேன்.

திரும்பி வந்ததும் பானு பாதி தூரத்துக்கான நேரத்தைச் சொன்னாள். பழைய டயரில் ஓடியதைவிட மோசம். சைஸ் தப்பு, ஒத்துக்கோ என்றாள். அப்பா மட்டும் நிழலில் நின்று, வழுக்கவே இல்லை பார்த்தியா என்று சந்தோஷமாகத் தலையாட்டினார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. சரி, உன் இருபத்தெட்டையே மாட்டுடி, அதையும் நானே ஓட்டிக் காட்டுகிறேன், காலை எடுக்காமல் கோடு வரைக்கும் மிதிக்கிறேன் என்று ஜாக்கியைத் தூக்கினேன்.

நட்டைக் கழற்றிச் சக்கரத்தை இழுத்தோம். வரவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்ததும் பொத்தென்று விழுந்து பானுவின் செருப்பை நசுக்கியது. நல்லவேளை, அவள் கால் அதில் இல்லை. டயரா அம்மிக்கல்லா என்று கேட்டாள். உருட்டினால் உள்ளே ஏதோ புரண்டது. குனிந்து, கீழ்ப்பக்கம் இருந்த வால்வை நகத்தால் அழுத்தினேன்.

மூஞ்சியில் தண்ணீர் அடித்தது.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வாய்க்குள் போன தண்ணீரில் எங்கள் வீட்டு போர்செட்டின் இரும்பு வாடை. எடை குறைய வேண்டும் என்று பக்கத்து சீட்டைக் கூடக் கழற்றி வீசிய கார் அது. டிராக்டர் பின்சக்கரம் சேற்றில் வழுக்கினால் கனம் கூட்ட டயருக்குள் தண்ணீர் ஏற்றுவார்கள், டெல்டாவில் எல்லாரும் செய்வதுதான். எங்கள் ஊரில் அதைச் செய்கிற கை யாருடையது என்று எனக்குத் தெரியாதா?

"அப்பா, இதுல தண்ணி ஊத்துனீங்களா?"

"ஆமா. நீ கடைக்குப் போயிருந்தப்ப ஊத்துனேன். ஒரு சக்கரத்துக்கு ரெண்டு குடம். அப்புறம் நீ எழுதி வச்சிருந்த அளவுக்கே காத்தும் அடிச்சுட்டேன். இப்ப மண்ணை நல்லாப் புடிக்குதுல்ல?"

கத்தினேன். என்னவெல்லாம் கத்தினேன் என்று தெரியாது. டிராக்டர் ஆள் நடக்கிற வேகத்தில் போவது, இது பறப்பது, அந்த வேகத்தில் உள்ளே தண்ணீர் புரண்டால் கார் யார் சொல்லையும் கேட்காது என்று கத்தினேன். அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. பானு அவர் கையைப் பிடித்து ரோட்டில் கூட்டிக்கொண்டு போனாள். கறுப்பாக இரண்டு தடம் வளைந்து வளைந்து போய், குளத்தின் கரையில் ஒரு சாண் விட்டு நின்றிருந்தது. அப்பா அந்த இடத்தில் கையை வைத்து அளந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

பானுதான் மெதுவாகப் பேசினாள். "விடுங்கப்பா. அந்தப் பெரிய ஜோடிய மொதல்லயே மாட்டாமப் போயிட்டோம். அதை மாட்டியிருந்தா தப்பிச்சிருப்போம்."

அப்பா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"அதுலயும் ஊத்தியிருக்கேம்மா. எதை மாட்டுவாளோ தெரியல. எதை மாட்டுனாலும் எம் புள்ள திரும்பி வரணும்ல."

பானு என்னைப் பார்த்தாள். காலை எடுக்காமல் மிதிக்கிறேன் என்று நான் சொல்லி இன்னும் கால் மணி ஆகவில்லை. அதுவரை இருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

டவுனில் ஒரு டயர் கடையில் நாலையும் ரிம்மிலிருந்து பெயர்த்தோம். அப்பா தன் துண்டாலேயே உள்ளே துடைத்தார். கடைக்காரர் துணி கொடுத்தும் வாங்கவில்லை. மத்தியானம் பண்ணைக்குத் திரும்பியதும், எந்த டயர் என்று கேட்டார். சின்னது என்றேன். ஓட்ட வேண்டாம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. நட்டை எல்லாம் அவரே முடுக்கினார், முடுக்கியதையே மறுபடி முடுக்கினார்.

சக்கரத்தைச் சுற்றவிட்டேன். புகை எழுந்தது. மிதித்ததும் கார் தெறித்துக் கிளம்பியது. கோட்டைத் தாண்டும்போது எஞ்சின் சரியாக உச்சத்தில் இருந்தது. இருபத்தாறுதான். பின்னால் பானு ஏதோ கூவினாள். எனக்குக் கெலித்த சந்தோஷம் வரவில்லை.

காரைத் திருப்பினேன். பாதி ரோட்டில் அப்பா ஓடி வந்துகொண்டிருந்தார், செருப்பில்லாமல், கையில் இன்னும் அந்த நனைந்த துண்டு. பக்கத்தில் நிறுத்திக் கதவைத் திறந்தேன். சீட்டுதான் இல்லையே, தரையில் உட்கார்ந்துகொண்டு கதவைச் சாத்தினார்.

"மெதுவாப் போ" என்றார். மெதுவாகவே போனேன்.