ஜூலியஸ் வீட்டுக்கு வந்த நாள்

"நல்லா தள்ளு லா! சோபா இங்கயே கெடந்தா பெட்டிய எங்க வைக்கிறது?"

பிரிஜிட் சோபாவின் ஒரு முனையை முட்டித் தள்ளினாள். மறுமுனையில் மகள் எலைனுக்கு மூச்சு வாங்கியது.

"மெதுவாம்மா. கல்யாண வீடு மாதிரி ஓடுறீங்க."

"ஒங்கப்பா வர்றாரு. ஓடாம?"

உம்பாய் கடற்கரையில் தூண்டில் போடப் போன கணவர் ஜூலியஸ் திரும்பவில்லை. மூன்று மாதம் கழித்து, சுங்கை ரம்பாய் பக்கம் அலையாத்திக் காட்டில் எலும்புகள் கிடைத்தன. அவர்தானா என்று பார்க்க, போலீஸ்காரர்கள் எலைனின் எச்சிலை எடுத்து அரசாங்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஆயிரக்கணக்கான மாதிரிகள் ஏற்கெனவே வரிசையில் இருந்தன. இருபது மாதம் ஓடிவிட்டது. அடக்கப் பூசை வைக்கலாமா என்று பாதர் கேட்டபோதெல்லாம், "உறுதியா தெரியட்டும் பாதர்" என்றாள் பிரிஜிட். தாலியையும் கழற்றவில்லை. புதன்தோறும் ஆய்வுக்கூடத்துக்குப் போன் போட்டாள்.

போன வாரம் அங்கிருந்தே போன் வந்தது; புதன்தோறும் இவளோடு பேசும் பெண்தான்.

"அக்கா, சுசீலா பேசுறேன். பழைய கேஸ முடிக்கணும்னு ரெண்டு மாசமா சனி, ஞாயிறும் வேல செஞ்சோம். புது மெஷினும் வந்துச்சு. நேத்து ஒங்க நம்பர் முடிஞ்சிருச்சு." குரல் தயங்கியது. "போலீஸ்தான் சொல்லணும். இன்னிக்குக் கூப்புடுவாங்க."

"அவருதானேம்மா?"

"மகளோட ஒத்துப்போச்சுக்கா."

"தேங்க்ஸ்மா, தேங்க்ஸ்மா" என்று பிரிஜிட் விடாமல் சொன்னாள். போனை வைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. எலைன் பயந்துபோய்த் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் வேன் நின்றது.

பிரிஜிட் செருப்பில்லாமல் ஓடினாள். ஜூலியஸின் தம்பி எட்வினும் இன்னும் மூவரும் காலை ஊன்றி, மூச்சைப் பிடித்துச் சவப்பெட்டியைத் தூக்கினார்கள். நினைத்த கனம் இல்லாமல் அது சட்டென்று மேலே வந்து ஒரு ஆட்டம் ஆடியது. நால்வரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தவளின் குரல் இறங்கியது.

"முன்னுக்கு விடுங்க தம்பி. நானும் எலைனும் புடிக்கிறோம்."

முன்னால் பிடித்திருந்த எட்வின் விலகினான், எதிர்ப்பக்கத்தில் இருந்தவரும் ஒதுங்கினார்.

படியேறும்போது பெட்டி எலைனின் பக்கம் சற்றுச் சாய்ந்தது. பிரிஜிட் தன் கையையும் அந்த அளவுக்குத் தாழ்த்திச் சமமாக்கிக்கொண்டு, உள்ளே நடந்தாள்.