பதினோரு மணி வெயில்

காலை ஆறு மணிக்கு முள் நாலு மில்லிமீட்டரில் நின்றது. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். முள்ளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா, நாலிலேயே நின்றது.

தளத்தில் அவளை 'மில்லிமீட்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பாலத்துக்கு அடியில் சாரத்தின்மேல் உட்கார்ந்து, பாலத்தின் வயிற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் அளவுமானியைப் படிப்பது அவள் வேலை. தலைக்கு மேலே தூணுக்குத் தூண் நாற்பது மீட்டர் நீளத்துக்குப் பாலத்தின் ஒரு கண். உள்ளே ஆள் குனிந்து நடக்க இடம் விட்டு வார்த்த கான்கிரீட் பெட்டி அது. பலம் சோதிக்க முந்தாநாள் மணல் ஏற்றிய எட்டு லாரிகளை மேலே நிறுத்தினார்கள். நேற்று விடிவதற்குள் பன்னிரண்டு மில்லி இறங்கியிருந்தது. லாரிகளை எடுத்த பிறகு முக்கால் பங்காவது, அதாவது ஒன்பது, ஏற வேண்டும் என்பது கணக்கு. ஏறியது எட்டுதான்.

இந்தக் கண்ணை வார்த்த மேஸ்திரி அவள் வீட்டுக்காரர். பக்கச்சுவர் வார்க்கும்போது பம்பு மக்கர் பண்ணி நாற்பது நிமிஷம் வேலை நின்றுபோனது. முன்பு ஊற்றியதோடு பின்பு ஊற்றியது ஒட்டியிருக்காதோ என்று அன்றிலிருந்து மனுஷனுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. இப்போதும் பெட்டிக்குள் டார்ச்சோடு அந்தச் சுவரைத்தான் தடவிக்கொண்டிருந்தார். தண்ணீர் வடிய விட்ட துளை வழியே அவர் குரல் கீழே வந்தது.

"எவ்வளவு நிக்குது?"

"நாலு."

"அப்ப என் சுவர்தான்."

சாரத்தில் ஏறி வந்த பெரிய இன்ஜினியர் நோட்டைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. "இடிச்சிட்டு மறுபடி வார்க்க வேண்டியதுதான். வேற வழி தெரியல" என்றார் மெதுவாக.

அவளும் நோட்டைப் பார்த்தாள். முதல் வரியில் 'காலை 6' என்று அவள் கையெழுத்து. நேரத்தையெல்லாம் முந்தின நாள் சாயங்காலமே எழுதி வைத்துவிடுவது அவள் வழக்கம். முந்தாநாள் மானியின் பிடி ஆடியது. கழற்றி மாட்டி முதல் அளவை எடுக்கும்போது மணி பதினொன்று. லாரிக்காரர்கள் கத்திய கத்தலில் எழுதியதைத் திருத்த மறந்துபோனாள். வெயிலில் மேல்தளம் காய்ந்து நீளும், அடிப்பக்கம் நிழலில் குளிர்ந்து கிடக்கும், பாலம் லேசாக முதுகைத் தூக்கும். அதனால்தான் எல்லா அளவும் விடிகாலையில். தூக்கிய முதுகிலிருந்து கணக்கைத் தொடங்கினால், குளிர்ந்த காலையில் பாலம் முழுசாக ஏறாததுபோலத் தெரியும். இது அவளுக்குத் தெரியாததா? யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், அவள் சறுக்கிய இடத்தில் புருஷன் பெயரும் ஒரு பாலமும் மாட்டிக்கொண்டிருந்தன.

சொன்னால் யார் நம்புவார்கள்?

"சார், முதல் வரி ஆறு மணி இல்ல, பதினொண்ணு. நேரத்தை முன்னாடியே எழுதிட்டேன். தப்பு என்னோடது."

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "வீட்டுக்காரருக்காகச் சொல்றியாம்மா?"

"முள்ளுக்கு வீட்டுக்காரர் கிடையாது சார். பதினொரு மணி வரைக்கும் நீங்களே உக்காந்து பாருங்க."

"பாக்கறேன். ஆனா எது எப்படி ஆனாலும், நாளையிலேர்ந்து நோட்டு வேற ஆள் கையில."

அவள் தலையாட்டினாள்.

ஏழு, எட்டு. முள் அசையவில்லை. கான்கிரீட்டுக்குச் சூடு ஏற நேரமாகும் என்று தெரிந்தும் அவள் மானியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒன்பதரைக்கு முள் நாலை விட்டு நகர்ந்தது. யாரும் இழுக்கவில்லை, காற்றுகூட இல்லை. அறுநூறு டன் எடை, மேலே வெயில் பட்டதற்காக, தானாக எழுந்துகொண்டிருந்தது. பதினோரு வருஷமாக முள் படிக்கிறவள்தான், ஆனால் விடிந்ததும் அளவை எழுதிவிட்டு இறங்கிப் போய்விடுவாள். இது தினமும் தன் தலைக்கு மேலேயே நடந்துகொண்டிருந்ததை நினைக்க அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. இன்ஜினியர் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

மூன்று. இரண்டரை. பத்தேகாலுக்கு இரண்டு.

"எவ்வளவு?" என்றது துளை.

"சுவத்துல கைய வைங்க."

"வெச்சுதான் இருக்கேன். ஒண்ணும் தெரியலையே."

"தெரியாது. எந்திரிக்குது."

துளை வழியாக நாலு விரல்கள் வெளியே வந்தன, நகக்கண்ணில் சிமென்ட்டோடு. எழுந்து கை நீட்டினால் தொட்டுவிடலாம். சாரம் அசைந்தால் முள் குதிக்கும் என்று அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். விரல்கள் காத்திருந்தன. முள் ஒன்றரையைத் தாண்டிக்கொண்டிருந்தது.