மெஷினில் இடமில்லாத எடை

அலுவலகத்தில் கொளஞ்சிநாதனைக் கணக்கு மெஷின் என்றுதான் கூப்பிடுவார்கள். சுரங்கத்திலிருந்து இறைக்கும் தண்ணீருக்கு, கைப்பிடி சுற்றும் கணக்கு மெஷினில் நாள் முழுக்கக் கணக்குப் போடுவான். ஷிப்ட் முடிந்தும் மனிதனுக்கு அலுக்காது. நெப்டியூன் கிரகத்துக்கு அப்பால் பனிக்கட்டிகள் கூட்டமாகச் சுற்றலாம் என்று நூலகத்துப் பத்திரிகையில் படித்திருந்தான். அவை இழுத்தால் நெப்டியூன் தன் பாதையை விட்டு எவ்வளவு விலகும்? அதிகாரியிடம் கேட்டுக்கொண்டு அதே மெஷினில் இதையும் போட்டுப் பார்த்தான். யார் கேட்டார்கள் இந்தக் கணக்கை? ஒருவரும் இல்லை.

அந்த ஆவணியில், மனைவி செங்கமலத்தின் தாய்வீடான முத்தாண்டிக்குப்பத்தில் அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, பெயர் வைக்குமுன்பே போய்விட்டது. பெயர் வைக்காத பிள்ளைக்குக் காரியம் கிடையாது, தகப்பன் வந்தாக வேண்டியதில்லை என்று பெரியவர்கள் சொல்லியனுப்பினார்கள். அவனும் அதைப் பிடித்துக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டான். மச்சான் பெரியண்ணன்தான் குழி தோண்டினான். உண்மையைச் சொன்னால், அந்தச் சின்ன முகத்தைப் பார்க்கக் கொளஞ்சிநாதனுக்குத் தைரியம் வரவில்லை.

குவார்ட்டர்ஸுக்குத் திரும்பிய செங்கமலம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஏங்க, ஒரு தரம் வந்து அந்த எடத்தப் பாருங்களேன். நீங்களே ஒரு பேரச் சொல்லிக் கூப்புடுங்க."

சோறு தின்றுகொண்டிருந்தவன் பேச்சை மாற்றப் பனிக்கட்டிக் கணக்கை எடுத்தான். நல்ல ஆள்!

"ஒரே ஒரு கட்டியப் போட்டா இழுப்பு ரொம்பக் கம்மி, மெஷின்ல அத்தனையும் பூஜ்யம் வருது. அதான் சின்னதயெல்லாம் வுட்டுட்டன்."

"அப்ப அது இழுக்கவே இழுக்காதுங்களா?"

"இழுக்கும். மெஷின்லதான் அதுக்கு எடம் இல்ல."

அவள் தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டாள். மறுநாள் ஷிப்ட் முடிந்து அவன் வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு முனவரா சாவியைக் கொடுத்து, "ஊருக்குப் போய்ட்டாங்க," என்றாள்.

அடுத்த நாள் மெஷின் முன்னால் உட்கார்ந்தான். கைப்பிடியைச் சுற்றச் சுற்றப் பூஜ்யமாக வந்தது. இழுக்கும் என்று தானே சொன்னது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகை எல்லார் எதிரிலும் வெடித்துவிட்டது. லீவு கூடச் சொல்லாமல் சைக்கிளை எடுத்தான்.

செங்கமலம் தாய்வீட்டு வாசலில் மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"எடத்தக் காட்டு செங்கமலம். பேரு வெச்சிடலாம்."

"நேத்தே வெச்சாச்சுங்க. காதுல சொல்றாப்ல மண்ணுல வாய வெச்சு மூணு தரம் கூப்ட்டுட்டன்."

"என்ன பேரு?"

அவள் கண் நிறைந்தது. கோபம் கூட இல்லை. "அது எனக்கும் அவளுக்குமே இருக்கட்டுங்க."

பெரியண்ணன்தான் அழைத்துப் போய்க் காட்டினான். கொளஞ்சிநாதன் குப்புறப் படுத்து, ஈர மண்ணில் வாயை வைத்தான். கூப்பிட அவனிடம் பெயர் இல்லை.