வினிகர் வாங்கப் போனவன்

ஓய்தின் என்னிடம் கடைசியாகச் சொன்னது, "வினிகர் பத்தாது உஸ்தா, போய் ஒரு பாட்டில் வாங்கிட்டு வாங்க" என்பதுதான்.

உஸ்தா என்றால் தொழில் கற்றுத் தேர்ந்தவன். கல்யாணமான புதிதில் நான் சுட்ட மாட்டுக்கறியைத் தின்றுவிட்டு அவள் எனக்கு வைத்த பெயர். அதைச் சொல்லும்போதெல்லாம் அவள் உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்பு வரும். பெருமை என்று முப்பது வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் தொடைக்கறியை முட்டை அளவுத் துண்டுகளாக வெட்டி, என் கையாலேயே மசாலா போட்டு, முற்றத்துக் குழாய்ப் பக்கம் பாத்திரத்தை மூடி வைத்திருந்தேன். வினிகர் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். ஆனால் ஓய்தினுக்கு அது ஆகாது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பட்டு ஆலையையும் தாண்டி, ஒருவர் திராட்சை வினிகர் விற்கிறார்; அதுதான் வேண்டும். போக அரை மணி, வர அரை மணி. உங்கள் கைப்பக்குவத்துக்குக் கண்ட வினிகரும் சரிப்படுமா என்பாள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

திரும்பி வந்தபோது அவள் குழாயடியில், திராட்சைப் பந்தல் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கைகள் முழங்கை வரை ஈரம். கறி பாத்திரத்தில் இல்லை, சல்லடையில் இருந்தது. இரண்டையும் பார்த்தேன், எதையும் யோசிக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது, வலி தெரிந்திருக்காது என்றார் மருத்துவர். அந்தக் கறி என்ன ஆயிற்று என்று நான் யாரையும் கேட்கவில்லை.

பட்டு நெய்யும் மார்கிலான் நகரில் எங்கள் பேட்டையில் மாட்டுக்கறிக் கபாப் என்றால் ஹோஷிம் வீடு, அதாவது என் வீடுதான். ஆட்டுக்கறியைச் சுடக் குழந்தைக்கும் தெரியும். மாட்டுக்கறி அப்படியில்லை, கொஞ்சம் ஏமாந்தால் செருப்புத்தோல் ஆகிவிடும். என் மசாலாவில் பதினான்கு சாமான்கள். மாதுளைச் சாறு, கடுகு, மூன்று வகை மிளகு என்று தொடங்கி, ஒரு கோப்பை வினிகர், இரண்டு கை உப்பு என்று முடியும். கேட்டவர்களுக்கும் சொல்வேன், கேட்காதவர்களுக்கும் சொல்வேன்.

அதிகம் சொன்னது எங்கள் கஷ்தக்கில். மாதம் ஒருமுறை பன்னிரண்டு சிநேகிதர்கள் ஒருவர் வீட்டில் கூடுவோம். வீட்டுக்காரன் தன் கையாலேயே சமைக்க வேண்டும். சாப்பாடு தோற்றுப்போனால் அவன் கழுத்தில் கழுதைக் கயிற்றைப் போட்டுத் தேநீர்க்கடை வரை நடத்திக்கொண்டு போவோம். அந்தக் கயிறு தேநீர்க்கடை ஆணியில்தான் தொங்கும். என் மச்சான், ஓய்தினின் அண்ணன் எர்காஷ், இரண்டு முறை அதை அணிந்திருக்கிறான். சந்தையில் கறிக்கடை வைத்திருப்பவன் அவன். நான் ஒருமுறைகூட அணிந்ததில்லை. அதனால் என்னைச் சீண்டுவதில் அவன்தான் முதல் ஆள்.

"நம்ம ஊர்ல பட்டு ரெண்டு எடத்துலதான். ஒண்ணு ஆலைத் தறியில, இன்னொண்ணு எங்க மாப்ள கம்பியில" என்பான். சொல்லிவிட்டுச் சமையல்கட்டுப் பக்கம் பார்த்து இருமுவான். புகை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஓய்தினின் முதல் வருஷ நினைவு நாள் முடிந்த மறுமாதம் கஷ்தக் முறை எனக்கு வந்தது. இந்தத் தடவை விட்டுவிடு ஹோஷிம், அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். முடியாது என்றேன். அவள் இருந்தபோது நடந்த மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த முற்றத்தில் இன்னொரு தடவை நடக்க வேண்டும் என்றிருந்தது எனக்கு. அவள் இருந்தவரை இந்த வீட்டு வாசலை மிதிக்காத கயிறு, அவள் போன பிறகு வந்தது என்று ஆகிவிடக் கூடாது.

பத்து நாள் முன்னதாக ஒரு கிலோ கறி வாங்கிச் சும்மா சுட்டுப் பார்த்தேன். அதே மசாலா, அதே கரி, அதே கம்பி. முதல் துண்டைக் கடித்தேன். அது திருப்பிக் கடித்தது. பூனைக்குப் போட்டேன். பூனை அதை வாயில் கவ்வி, மறுபடி கீழே வைத்துவிட்டு, துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டது. இரண்டு நாள் கழித்து வினிகரை இரட்டிப்பாக்கி, ராத்திரி முழுக்க ஊறவைத்துச் சுட்டேன். இந்த முறை பூனை கிட்டவே வரவில்லை.

சந்தேகமே இல்லை, எர்காஷ் கிழட்டு மாட்டைத் தலையில் கட்டுகிறான், என் கழுத்தில் கயிறு பார்க்க ஆசைப்படுகிறான் என்று முடிவு கட்டினேன். சுட்ட கம்பியைத் துணியில் சுற்றிக்கொண்டு நேராக அவன் கடைக்குப் போனேன்.

"என்ன மச்சான் இது, வண்டி இழுத்த மாடா?"

எர்காஷ் ஒரு துண்டை உருவி வாயில் போட்டான். ஓர் அம்மாள் வந்து விலா எலும்பு கேட்டாள். வெட்டி, எடை போட்டு, கட்டிக் கொடுத்தான். வாய் மென்றுகொண்டே இருந்தது. அடுத்து ஒருவர் ஈரல் கேட்டு, பேரம் பேசி, வாங்கிக்கொண்டு போனார். இன்னும் மென்றுகொண்டிருந்தான். கடைசியில் துண்டைக் கையில் துப்பி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"மாப்ள, வினிகர் வாங்கினீங்களா?"

"வீட்லயே இருந்துச்சு. ரெண்டு கோப்பை ஊத்தினேன்."

"இருந்துச்சான்னா கேட்டேன்? வாங்கப் போனீங்களான்னு கேட்டேன்."

கேட்டுவிட்டுக் கத்தியைத் தீட்ட ஆரம்பித்துவிட்டான்.

வீடு வரை அதையே யோசித்துக்கொண்டு நடந்தேன். வந்ததும் சாமான் அறைக்குப் போனேன். மாவுப் பெட்டியை நகர்த்தினால் அதன் பின்னால் பாட்டில்கள், சுவரோரம் இரண்டு வரிசை. நான் வாங்கி வந்த வினிகர். வினிகர்க்காரர் செய்தித்தாளைச் சுருட்டித்தான் வாய் அடைப்பார். அந்தச் சுருள்கள் அடைத்தபடியே இருந்தன. ஒன்றை உருவிப் பிரித்துப் பார்த்தேன். நான் வேலை பார்த்த வட்டாரப் பத்திரிகை, நானே பிழை திருத்திய பக்கம், பதினோரு வருடம் பழையது. போன வருடம் அவள் இறந்த அன்று நான் வாங்கி வந்த பாட்டில்தான் கடைசி. அதை அங்கே வைத்தது நானாக இருக்க முடியாது. அந்த இடம் தெரிந்த யாரோதான் எடுத்துக்கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

முழங்கை ஈரம் நினைவு வந்தது. சல்லடை நினைவு வந்தது. குழாயடி மண் நினைவு வந்தது. அங்கே நாலு தடவை புதினா நட்டு, நாலு தடவையும் கருகிப்போய், விதைக்காரனைத் திட்டியிருக்கிறேன். நான் அந்தப் பக்கம் போனதும் என் பதினான்கு சாமானையும் அவள் அங்கேதான் கழுவி ஊற்றியிருக்கிறாள்.

மாவுப் பெட்டி மேல் உட்கார்ந்தேன். முதலில் கோபம்தான் வந்தது. முப்பது வருடம். பிறகு, வாய்க்கால் தாண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகிற என்னை நானே தெருவில் பார்த்த மாதிரி இருந்தது. சிரித்துவிட்டேன். அவள் போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

மறுநாள் காலை எர்காஷைப் போய்ப் பிடித்தேன். கழுவின பிறகு என்ன செய்வாள், அதை மட்டும் சொல் என்றேன். தலையை ஆட்டினான்.

"ரொட்டி மேல கைய வெச்சுச் சத்தியம் வாங்கிட்டா மாப்ள. ஒங்க கல்யாணத்துக்கு மறுமாசமே."

"அவதான் போயிட்டாளே, மச்சான்."

"ரொட்டி போகலையே."

ஏன் இப்படிச் செய்தாள் என்று கேட்டேன். அதைச் சொல்லக் கூடாது என்று அவள் சத்தியம் வாங்கியிருக்கவில்லை போலிருக்கிறது.

"நீங்க அந்தப் பதினாலயும் வெரல் விட்டு எண்ணி எண்ணிச் சொல்லுவீங்கல்ல, அதக் கேக்கணுமாம் அவளுக்கு. கறி கெட்டா நீங்க எண்ணமாட்டீங்களாம்."

கஷ்தக் ஞாயிறு வந்தது. கழுத்தைக் கயிற்றுக்குக் கொடுக்க மனதைத் தயார் செய்துகொண்டுதான் எழுந்தேன். எனக்கு வேறென்ன தெரியும், கறியை வெட்டி வழக்கம்போலப் பதினான்கு சாமானையும் போட்டேன். நெருப்பு மூட்ட உதவுகிறேன் என்று எர்காஷ் சீக்கிரமே வந்துவிட்டான். அவன் கையில் ஒரு பை. வாய் இறுக்கிக் கட்டியிருந்தது. பாத்திரத்தின் மூடியைத் தூக்கி மோந்து பார்த்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவனுக்கு, வினிகர் நெடியால்தான். மூடியைப் போட்டுவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"வினிகர் பத்தாது, உஸ்தா. போய் ஒரு பாட்டில் வாங்கிட்டு வாங்க."

அவன் என்னை அந்தப் பெயரால் அதுவரை கூப்பிட்டதில்லை. நான் என் கடைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வாய்க்கால் தாண்டி, பட்டு ஆலை தாண்டிப் போனேன். ஒரு வருடமாக ஆளையே காணோமே என்றார் வினிகர்க்காரர். செய்தித்தாளைச் சுருட்டி நன்றாக அடைத்துக் கொடுத்தார். வரும் வழியில் முசுக்கட்டை மரத் தெருவை இரண்டு தரம் சுற்றினேன், அவசரப்பட்டு வந்துவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாதல்லவா. கதவைத் திறக்கும் முன் நன்றாகச் செருமினேன்.

எர்காஷின் சட்டைக் கைகள் முழங்கை வரை நனைந்திருந்தன. கறி கம்பியில் ஏறிவிட்டது, இடையிடையே செம்மறி வால் கொழுப்பு. வெங்காயச் சாறும் இடித்த மல்லியும் சீரகமும் மணத்தன. இன்னும் ஏதோ ஒன்றும் இருந்தது. நான் கூர்ந்து மோக்கவில்லை. பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி, ஊற்றிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுச் சாமான் அறைக்குள் போனான்.

நெருப்பு என்னுடையது. கரி வெளுக்கும் வரை பொறுப்பது, அட்டையால் விசிறுவது, கம்பியைத் திருப்புவது, இவற்றில் ஓய்தின் எப்போதும் கை வைத்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. குனிந்து விசிறினேன்.

பன்னிரண்டு பேரும் சாப்பிட்டார்கள். எங்களில் மூத்தவர் கயிற்றைச் சட்டைப்பைக்குள் சுருட்டி எடுத்து வந்திருந்தார்; அதன் நுனி வெளியே தெரிந்தது. இரண்டாவது கம்பி முடிந்ததும் விரலால் அதை உள்ளே தள்ளிவிட்டார். பழைய ருசி அப்படியே இருக்கிறதே ஹோஷிம், எப்படி என்றார்.

நான் விரல்களை விரித்தேன். மாதுளைச் சாறு, கடுகு, மூன்று வகை மிளகு என்று எண்ணத் தொடங்கினேன். வினிகருக்கு வந்தபோது எர்காஷுக்குத் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. முதுகில் தட்டிக் கொடுத்தேன். இருமி முடித்தவன் விரிப்பின் நடுவே இருந்த ரொட்டியைப் பார்த்தான். நானும் பார்த்தேன். பிறகு மிச்சத்தையும் எண்ணி முடித்தேன், பதினான்கு.

இந்த வசந்தத்தில் மறுபடி புதினா நட்டுப் பார்த்தேன். குழாயடியில் எதுவும் முளைக்கவில்லை.